நாலு ஓடும் ஒரு டப்பா வெள்ளை பெயிண்டும்

ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் அவளுக்குப் பெட்டியக்கா என்று பெயர். ஒரு நாளைக்கு நானூறு படுக்கை விரிப்புகளைச் சுருக்கமில்லாமல் மடிக்கிற கைக்கு அதைவிட நல்ல பெயராகப் பார்த்து வைத்திருக்கலாம். ஆனால் மருந்துப் பெட்டி, கையுறைப் பெட்டி, சோப்புத்தூள் பெட்டி என்று உறுதியான அட்டைப்பெட்டி எது வந்து இறங்கினாலும், "அதைக் கிழிச்சிடாதீங்க, எனக்கு வேணும்" என்று முதல் ஆளாக வந்து நிற்பாள். நிற்காமல் என்ன செய்வாள், பாவம்? கல்யாணம் ஆகி இருபத்திரண்டு வருடத்தில் பதினோரு வாடகை வீடு. ஒரு வீட்டில் பெட்டியைப் பிரித்து முடிப்பதற்குள் அடுத்த வீட்டுக்குக் கட்ட வேண்டியிருந்தது.

வாய்த்த வீட்டுக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஒருவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சுவர் சுவராகப் பார்ப்பார். இன்னொரு மகராசி மாதம் தவறாமல் வந்து குழாயைத் திறந்து மூடி, "நாங்க இருந்தப்ப இப்படி தொளதொளன்னு இல்லையே" என்பாள். போகும்போது முன்பணத்தில் எதையாவது பிடித்துக்கொண்டுதான் அனுப்புவார்கள். அதனால் பெட்டியக்கா குடும்பம் ஒரு வித்தையைக் கற்றுக்கொண்டது. வீட்டைப் பார்க்க ஆள் வருகிறது என்றால் உள்ள குறையெல்லாம் நொடியில் மாயமாகிவிடும். கறை மேல் காலண்டர் ஏறும், உடைந்த சன்னல் பக்கம் பீரோ நகரும். மகள் நாலு வயதிலேயே தரையில் விரிசல் இருக்கிற இடமாகப் பார்த்து உட்கார்ந்து படம் வரைவாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, தானாக வந்துவிட்டது.

போன வருடம்தான் சொந்த வீடு வந்தது. பெரிய மாளிகை ஒன்றும் இல்லை. தெருக்கோடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஓடு வேய்ந்த பழைய வீடு, இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் சின்னச் சாமான் அறை. ரொட்டி வேன் ஓட்டுகிற புருஷனும் அவளும் சேர்ந்து வங்கியில் கடன் வாங்கினார்கள். தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அவள் கதவு நிலையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போவாள்.

"அது என்ன பசுமாடா? தட்டிக்கொடுத்துட்டுப் போறே?" என்பார் புருஷன்.

"இருக்கட்டுமே. நம்மளையும் நம்பி உள்ள விட்டுச்சே, அதுக்குத்தான்."

அந்த வீட்டில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பேய்க்காற்று அடித்து, சமையலறை மூலையில் நாலு ஓட்டைப் பெயர்த்துப் போட்டது. இரண்டு உடைந்தன, இரண்டு பிழைத்தன. பின்னாலேயே மழை. புருஷன் மேலே ஏறித் தார்ப்பாய் போடுவதற்குள் அடுப்புக்கு மேலே சுவரில் சோற்றுத்தட்டு அகலத்துக்கு ஈரக்கறை படர்ந்துவிட்டது.

"இதுக்குத்தானே இன்சூரன்ஸ் கட்டறோம்? கிளெய்ம் போட்டுடலாம்" என்றார் புருஷன்.

"அவசரப்படாதீங்க, விசாரிச்சுட்டுச் சொல்றேன்" என்றாள் அவள். சலவைப் பிரிவில் இஸ்திரி மெஷின் ஓட்டுகிறவள் ஒருத்தி இருக்கிறாள், உலகத்தில் அவளுக்குத் தெரியாத விஷயம் கிடையாது. திங்கட்கிழமை காலையில் அவளிடம் போய் வாயைக் கொடுத்தாள் பெட்டியக்கா.

"கிளெய்ம் போட்டீங்கன்னா பாலிசியையே கேன்சல் பண்ணிடுவான்க்கா. பாலிசி இல்லாத வீட்டுக்கு பேங்க் கடன் கொடுக்குமா? அப்புறம் வீட்டை எடுத்துக்கிட்டு உங்களைக் காலி பண்ணச் சொல்லிடுவான், பாருங்க."

"சரி, போடாம விட்டுட்டா?"

"சேதத்தை மறைச்சீங்கன்னு அதுக்கும் பிடிப்பான்."

ஆகா, என்ன அருமையான யோசனை! இப்படியும் போக முடியாது, அப்படியும் போக முடியாது. பெட்டியக்கா அன்றைக்கு மடித்த விரிப்புகளில் பாதியைத் திரும்ப மடிக்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து அந்தக் கறையைப் பார்ப்பாள், பெருமூச்சு விடுவாள், மறுபடி பார்ப்பாள். பதினோரு வீட்டிலிருந்து கிளம்பியபோது வராத அழுகை இந்த ஒரு வீட்டை நினைத்தால் வந்தது. அதெல்லாம் அடுத்தவர் வீடு. இது போனால் இனி இன்னொன்று வாங்க உடம்பிலும் தெம்பில்லை, வயதும் இல்லை.

இரண்டு நாள் அம்மா படுகிற பாட்டைப் பார்த்த மகள், காலேஜிலிருந்தே காப்பீட்டுக் கம்பெனிக்குப் போன் போட்டுவிட்டாள். புதன்கிழமை சாயங்காலம் வந்து சொன்னாள்.

"அம்மா, பயப்படாதே. நாளைக்குப் பத்து மணிக்கு ஒருத்தர் வந்து பாப்பாராம். அவர் பாத்த பிறகு கிளெய்ம் போடறதா வேண்டாமான்னு நாமளே சொல்லலாமாம்."

இதில் அம்மா காதில் விழுந்தது முதல் பாதி மட்டும்தான்.

"வீட்டைப் பாக்க ஆள் வர்றாங்களா?"

அவ்வளவுதான்! மூன்று பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை, வேலை தானாக நடந்தது. அவள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தரையைத் தேய்த்தாள். புருஷன் கடைக்கு ஓடி ஒரு டப்பா வெள்ளை பெயிண்ட் வாங்கிவந்து, நாற்காலி மேல் நாற்காலி போட்டு ஏறி, கறை மேல் இரண்டு கை பூசினார். அதோடு விட்டாரா? சாமான் அறைக் கூரையிலிருந்து இரண்டு ஓட்டைக் கழற்றி, பிழைத்த இரண்டோடு சேர்த்துச் சமையலறை மேல் அடுக்கி, தார்ப்பாயை மடித்து உள்ளே வைத்துவிட்டார். போன் போட்ட மகளே சன்னல் கண்ணாடியைப் பளபளவென்று துடைத்துக்கொண்டிருந்தாள். சேதத்தைப் பார்க்கத்தான் ஆள் வருகிறார் என்பது மூன்று பேரில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. சிரிக்காதீர்கள். இருபத்திரண்டு வருடம் அடுத்தவர் கூரைக்குக் கீழே பதில் சொல்லிக்கொண்டு வாழ்ந்தவர்களுக்கு இது புரியும்.

மறுநாள் சரியாகப் பத்து மணிக்குக் காப்பீட்டுக் கம்பெனி சர்வேயர் வந்தார். ஒல்லியான மனிதர், ஒரு கையில் மடக்கு ஏணி, கழுத்தில் கேமரா. வீடு கண்ணாடி மாதிரி மின்னியது. அவர் இப்படியும் அப்படியும் பார்த்தார்.

"சேதம் எங்கம்மா?"

"சேதமா? அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க சார். வீட்டை நல்லாத்தான் வச்சிருக்கோம்."

"போன் பண்ணது இந்த வீட்டிலேர்ந்துதானே?"

மகள் அம்மாவைப் பார்த்தாள், அம்மா புருஷனைப் பார்த்தாள், புருஷன் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தார். சர்வேயர் மோந்து பார்த்தார், புதுப் பெயிண்ட் வாசனை. பிறகு ஏணியை விரித்து ஏறி, சமையலறை மூலையில் விரலை வைத்து எடுத்தார். விரல் நுனி வெள்ளையாக இருந்தது.

"இது எப்ப அடிச்சது?"

பொய் சொல்ல வராத மனிதர் ரொட்டி வேன்காரர். "நேத்து சாயங்காலம் சார். அங்க கொஞ்சம் கறை இருந்துச்சு, இப்ப இல்ல" என்று அசடு வழிந்தார். சாமான் அறை ஓட்டு விஷயத்தையும் சேர்த்தே கக்கிவிட்டார்.

சர்வேயர் கூரை மேல் ஏறிப் பார்த்துவிட்டு வந்தார். சிரிப்பை அடக்க முடியாமல் அவர் தோள் குலுங்கியது.

"பத்தொன்பது வருஷமா இந்த வேலை பாக்கறேன். நல்லா இருக்கிற கூரையைச் சுத்தியலால உடைச்சு வச்சுட்டு என்னைக் கூப்பிட்டவங்க இருக்காங்க. உடைஞ்சதை ஒளிச்சு வச்சுட்டுக் கூப்பிட்டவங்களை இப்பத்தாம்மா பாக்கறேன். எதுக்கு ஒளிச்சீங்க?"

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. உடைந்து அழுதுவிட்டாள்.

"காலி பண்ணச் சொல்லிட்டா நாங்க எங்க சார் போவோம்?"

சர்வேயரின் சிரிப்பு சட்டென்று நின்றது. ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"யாரும்மா சொல்வாங்க?"

"உங்க கம்பெனி... பேங்க்..."

"காத்து அடிச்சு ஓடு பறந்தது உங்க குத்தமா? அதைச் சொன்னா யாரும் வீட்டைப் பிடுங்க மாட்டாங்க. ஒழுங்கா தவணை கட்டறீங்கல்ல? அப்ப பேங்க் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்காது. கிளெய்ம் போட்டா அடுத்த வருஷம் பிரீமியம் கொஞ்சம் ஏறலாம், அவ்வளவுதான். அதுலயும் செலவுல ஒரு பங்கு முதல்ல நீங்க போடணும். இந்த நாலு ஓட்டுக்கு அந்தப் பங்கே சரியாப் போயிடும், கம்பெனி தர்றதுக்குப் பெருசா மிஞ்சாது. போடுங்க, போடாம விடுங்க, அது உங்க இஷ்டம்." வாசலைக் காட்டிச் சொன்னார்: "இந்த வீட்டைக் காலி பண்ணச் சொல்லணும்னா நீங்கதாம்மா சொல்லணும். இப்ப என்னை வெளிய போன்னு நீங்க சொன்னா, நான் ஏணியைத் தூக்கிட்டுப் போய்த்தான் ஆகணும்."

"ஐயையோ, நீங்க உக்காருங்க சார்!" என்று பதறிப்போய் டீ போட ஓடினாள் பெட்டியக்கா.

பால் பொங்குகிறவரை அடுப்புக்கு முன்னால் நின்று அவர் சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டுப் பத்திரத்தில் அவள் கையெழுத்துப் போட்டு வருடம் ஒன்றாகிறது. ஆனால் வீடு கைக்கு வந்தது என்னவோ அந்த நிமிஷம்தான். முன்பின் தெரியாத மனிதர், வந்த வேலை அரைமணியில் முடிந்திருக்கும். உட்கார்ந்து இவ்வளவு சொல்ல வேண்டும் என்று அவருக்கு என்ன தலையெழுத்து? அவர் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டாள். டீயில் ஒரு கரண்டி சர்க்கரை கூடிப்போனது அதனால்தான்.

"கிளெய்ம் வேண்டாம் சார்" என்றாள் டம்ளரை நீட்டி. "பயந்துக்கிட்டு சொல்லல. நாலு ஓடுதானே, நாங்களே மாத்திக்கறோம்."

புருஷன் தலையை ஆட்டினார். சர்வேயர் டீயைக் குடித்துவிட்டு, எந்த மரச்சட்டம் உளுத்திருக்கிறது, எங்கே ஓட்டைச் சும்மா வைக்காமல் கம்பியால் கட்ட வேண்டும் என்று ஒரு தாளில் படம் போட்டுக் கொடுத்தார். தனக்குத் தெரிந்த ஓட்டு வேலைக்காரர் ஒருவரின் நம்பரையும் கீழே எழுதினார். பெட்டியக்கா வாசல்வரை போய்க் கும்பிட்டாள்.

சனிக்கிழமை ஓட்டு வேலைக்காரர் வந்தார். பெட்டியக்கா எதைச் சொன்னாலும் "உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா" என்றுதான் ஆரம்பித்தாள். இருபத்திரண்டு வருடத்துப் பணிவு இரண்டு நாளில் போய்விடுமா என்ன? அதைக் கேட்டு அந்த மனிதர் வேறு மாதிரி நினைத்துவிட்டார். ஏணியில் ஒரு காலை வைத்தவர் திரும்பினார்.

"சட்டத்தையும் அறுத்து மாத்தணும்க்கா. எதுக்கும் உங்க ஓனர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்க. பின்னாடி என்னைத் திட்டப் போறாங்க."

புருஷன் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"கேட்டாச்சுங்க. மேல ஏறுங்க."