வளையல் போட்ட கைகாட்டி

கண்டக்டராக இருந்த காலத்தில் எனக்கு ஊரில் நல்ல பெயர் கிடையாது. வாய் கொஞ்சம் நீளம். ‘அந்தச் சிடுமூஞ்சி பஸ்ஸா, அடுத்ததுல போவோம்’ என்று ஒதுங்கி நின்றவர்கள்கூட உண்டு. அம்மன் கோயில் திருவிழாவுக்குப் பொங்கல் சாட்டிவிட்டால் மட்டும் அவர்களும் என் பஸ்ஸில்தான் ஏறியாக வேண்டும். ஐம்பதுகளின் கடைசியில் சிவகாசித் திருவிழாவுக்கு வெளியூர்க் கூட்டம் ரயில் ரயிலாக வந்து இறங்கும். ரயில்வே ஸ்டேஷனுக்கும், ஊருக்கு வெளியே நாரணாபுரம் ரோட்டில் இருந்த சாமி கிணற்றுக்கும் இடையே எங்கள் முதலாளி ஸ்பெஷல் பஸ் விடுவார். காலையில் ஆரம்பித்தால் விளக்கு வைக்கிற வரைக்கும் அங்கும் இங்கும் அதே ஓட்டம்தான். இடுப்பு ஒடிந்துவிடும்.

கிணற்றில் குளித்து, மஞ்சள் சேலை கட்டி, அங்கேயே தீச்சட்டி வளர்த்துக் கோயிலுக்கு நடந்து போவது வழக்கம். மெயின் ரோட்டில் வண்டியும் ஆளும் நெரியும் என்பதால் தீச்சட்டிக்காரர்களைக் காட்டு வழியாகத் திருப்பிவிடுவார்கள். வெளியூர் ஆட்களுக்கு வழி தெரிய வேண்டுமே, அதற்காகத் திருவிழாக் கமிட்டியார் தகரத்தில் கைகாட்டிகள் எழுதி நட்டார்கள். எழுதியவர் காலண்டருக்குச் சாமி படம் போடுகிறவர். அவரிடம் ஒரு கையை வரையச் சொன்னால் வேறு எந்தக் கை வரும்? மருதாணி விரல், சிவந்த உள்ளங்கை, மணிக்கட்டு நிறைய வளையல். நட்ட மறுநாளே அதற்குக் குங்குமம் வைத்துவிட்டார்கள். ஒருத்தி மாலையும் போட்டாள். ‘கைகாட்டியப் பாத்துப் போங்க’ என்று நான் தொண்டை கிழியக் கத்தினால், ‘அம்மன் கைன்னு சொல்லுங்க கண்டக்டரே’ என்று என்னைத் திருத்துவார்கள். அந்தக் கை கிணற்றுக்குள் காட்டியிருந்தால் கிணற்றிலும் இறங்கியிருப்பார்கள்.

அந்த வருஷம் என் மனைவியும் தீச்சட்டி எடுத்தாள். மாசியில் எங்கள் மகளுக்கு அம்மை போட்டு, கண் திறக்காமல் வேப்பிலையில் கிடந்தாள். ‘பிள்ளையக் குடுத்துரு தாயே, சட்டி எடுக்கேன்’ என்று இவள் வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்துவிட்டது. இவள் பிறந்த வீட்டு முறைப்படி, சட்டி எடுத்தவள் கோயில் சேருகிற வரைக்கும் அதைக் கீழே இறக்கக் கூடாது. திரும்பிப் பார்க்கக் கூடாது. வைத்த காலைப் பின்னால் எடுக்கக் கூடாது. எடுத்தால், யாருக்காக நேர்ந்ததோ அவர்களை அம்மன் திருப்பிக் கேட்டுவிடுவாளாம். எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. பிள்ளை விஷயத்தில் நம்பாமல் இருக்கிற தைரியமும் கிடையாது.

எங்கள் பக்கத்தில் நெருப்பு என்றால் பேச்சே வேறு. ‘நெருப்புன்னா வாய் வெந்துருமா’ என்று மற்ற ஊர்க்காரர்கள் சொல்லிக்கொள்ளலாம். பட்டாசு ஆபீஸ் இருக்கிற ஊரில் வேகும். பட்டாசுக் கம்பெனியை நாங்கள் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். தீச்சட்டி நாளன்று காட்டு வழியோரத்து ஆபீஸ் எதிலும் மருந்தையோ வெடியையோ வெயிலில் காயப்போடக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது. அந்த வருஷம் பார்த்துக் கோடை மழை ஊற்றித் தள்ளிவிட்டது. வடக்கே கல்யாண சீசன் ஆர்டர். லோடு ஏற்ற லாரி வாசலில் வந்து நிற்கிறது, உள்ளே சரக்கு நமுத்துக் கிடக்கிறது. தீச்சட்டியன்று பார்த்து வானம் வெளுத்து, மண்டையைப் பிளக்கிற வெயில் அடித்தது.

உச்சிப் பொழுதில் என் பஸ் கிணற்றடிக்கு வந்தபோது மேளக் கூட்டமெல்லாம் போய்விட்டிருந்தது. இவள் மட்டும் சட்டியை வளர்த்து வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றாள். எனக்குச் சுள்ளென்று ஏறியது.

“எல்லாரும் போயாச்சு, இன்னும் நீ இங்கன என்ன பண்ணுத?”

“உங்க மூஞ்சியப் பாத்துட்டு எடுக்கலாம்னு நின்னேன். அதுக்கும் ஏசுறீகளே.”

பூசாரி சட்டியை எடுத்து வேப்பிலைக் கொத்தோடு அவள் கையில் வைத்தார். பிறகு அவள் என் பக்கம் பார்க்கவில்லை. ‘கைகாட்டியப் பாத்துப் போ’ என்று எல்லோருக்கும் சொல்கிற மாதிரி அவளுக்கும் சொல்லிவிட்டு விசிலை ஊதினேன். ஆள் ஏறி, டிக்கெட் போட்டு முடித்த பிறகுதான் பஸ் நகர்ந்தது.

கிணற்றைத் தாண்டிச் சிறிது தூரத்தில் ரோடு கண்மாய்க் கரைமேல் ஏறும். அங்கிருந்து பார்த்தால் காட்டு வழி முழுக்கத் தெரியும். கிணற்றடியிலிருந்து போகிற பாதை ஓரிடத்தில் இரண்டாகப் பிரியும். வலது பாதை ஒரு ஆபீஸின் சுவரை ஒட்டிச் சுற்றிக்கொண்டு கோயில் ரோட்டுக்குப் போவது; தீச்சட்டிக்கு அதுதான் வழி. இடது பாதை இன்னொரு ஆபீஸின் களத்துக்குள் போகிற வண்டித்தடம். புட்போர்டில் நின்றபடி சும்மாதான் அந்தப் பக்கம் பார்த்தேன். களத்து மூலையில் சிவப்புக் கொடி பறந்தது. மருந்து காய்கிறது, கிட்டே வராதே என்பதற்குத்தான் அந்தக் கொடி. கொடிக்குக் கீழே வெள்ளைச் சாக்குகளில் கறுப்பாக விரித்திருந்தது. வண்டித்தடத்தில் ஒரு மஞ்சள் சேலை அதை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது, முன்னால் புகையோடு.

விசிலை ஊதினேனா, சும்மா குதித்தேனா, தெரியாது. டிரைவர் பின்னாலிருந்து என்னவோ கத்தினார். கரைச் சரிவில் உருண்டு எழுந்து, செருப்பை உதறிவிட்டு, கருவேல முள்ளுக்குள் விழுந்தடித்து ஓடினேன். கூப்பிடப் பயம். கூப்பிட்டால் திடுக்கிட்டுச் சட்டி ஆடும், பொறி தெறிக்கும். பாதை பிரிகிற இடத்தில் கைகாட்டியைப் பார்த்தேன். வளையல் போட்ட அந்தக் கை, குங்குமமும் மாலையுமாக, இடது பக்கம் காட்டிக்கொண்டு நின்றது. காலையில் நான் பார்த்தபோது வலது பக்கம் காட்டியது. கம்பின் அடியில் மண் புதிதாகக் கிளறியிருந்தது.

அவள் களத்து வேலிக்கு உள்ளே போய் நின்றுவிட்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் பட்டாசு ஆபீஸில் திரி வெட்டும் வேலைக்குப் போனவள், தரையில் கிடப்பது என்ன என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. காற்று எங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து வீசியது. ஒவ்வொரு வீச்சுக்கும் சட்டியிலிருந்து பொறி கிளம்ப, அவள் குனிந்து, நெஞ்சைக் கொடுத்து மறைத்துக்கொண்டாள். சேலையில் ஊற்றிய மஞ்சள் தண்ணீர் எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது.

“திரும்பு” என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

“மாட்டேன்.”

“அப்ப அங்கனயே கீழ வை.”

“வைக்க மாட்டேன். பிள்ளைக்கு நேந்தது.”

கொட்டகையிலிருந்து அந்த ஆபீஸ் போர்மேன் ஒரு குடம் தண்ணீரோடு வெளியே வந்தார். வந்தவர் பாதி வழியில் நின்றுவிட்டார். “யம்மா, இந்தத் தடத்துல யாரும் வரமாட்டாகன்னுல்ல போட்டோம். அந்தக் கை அங்குட்டுல்ல காட்டும்” என்றார். அழுதுவிடுவார் போல இருந்தது.

“தீயில ஊத்துங்க” என்றேன் நான்.

“ஊத்துனீகன்னா நான் ஒரு எட்டு முன்னால வைப்பேன்” என்றாள்.

வைப்பாள். எனக்குத் தெரியும். போர்மேனுக்கும் அவள் குரலிலேயே தெரிந்துவிட்டது. எனக்குக் கோபம் வரவில்லை. வாழ்நாளில் எனக்குக் கோபம் வராத நேரம் அது ஒன்றுதான், அம்புட்டுப் பயம்.

அவள்தான் பேசினாள். “இறக்கத்தான் கூடாது. கை மாத்தக் கூடாதுன்னு யாரும் சொல்லல. சட்டிய நீங்க வாங்கிக்கோங்க. தண்ணிய என் மேல ஊத்தச் சொல்லுங்க. நான் இந்தச் சாக்குகளுக்கு நடுவுல போற வரப்பு வழியா நேரா போயிருதேன், அது கோயில் ரோட்டுல போய்ச் சேருது. நீங்க சுத்தி அங்கன கொண்டு வாங்க.”

“நான் காலைல கிளப்புக் கடைல கறி தின்னுருக்கேன்” என்றேன். அந்த நேரத்தில் அதுதான் வாயில் வந்தது.

“அத நான் ஆத்தாட்டச் சொல்லிக்கிடுதேன். வாங்குங்க.”

அவள் திரும்ப மாட்டாள் என்பதால் நான் பின்னாலிருந்து இரண்டு கைகளையும் அவளைச் சுற்றி நீட்டிச் சட்டியை வாங்க வேண்டியிருந்தது. வேப்பிலை நழுவிவிட்டது. சுட்ட மண் என் உள்ளங்கையில் ஒட்டியது. சட்டியை என் பக்கம் இழுத்து, வயிற்றோடு அணைத்துத் திரும்பினேன். பின்னால் போர்மேன் அவள் தலையில் குடத்தைக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது. “இன்னொரு குடம் ஊத்துங்கண்ணே, கொண்டையில நல்லா” என்று அவள் சொல்வதும் கேட்டது.

எனக்கு விரதம் ஒன்றும் இல்லை. நான் திரும்பிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அவள் சேலை மடிப்பில் ஒரு கங்கு ஒளிந்திருந்தால்? கொண்டைக்குள் ஒரு பொறி? பார்த்தால் அது நடந்துவிடும் என்று பட்டது. காதை மட்டும் பின்னால் விட்டுவிட்டு நடந்தேன். தூரத்தில் யாரோ வேட்டுப் போட்டார்கள், கோயில் வாசலில். சட்டியோடு மண்டியிட்டுக் கிடந்தேன். அது கோயில் வேட்டு என்று புத்திக்குப் பிடிபட்ட பிறகுதான் எழுந்தேன்.

வலது பாதையில் திரும்பி அந்த முதல் ஆபீஸின் சுவரோரம் வந்தபோதுதான் கைகாட்டியின் சங்கதி விளங்கியது. கேட் இடுக்கில் பார்த்தேன். உள்ளே முற்றம் முழுக்கச் சாக்கு விரித்து, இவர்களும் காயப்போட்டிருந்தார்கள். மேளக் கூட்டம் போன பிறகு சரக்கை விரித்துவிட்டு, பிந்தி வருகிற தீச்சட்டி தன் பக்கம் வரக் கூடாது என்று கையைத் திருப்பி வைத்திருக்கிறான் இந்த ஆபீஸ்காரன், படுபாவி. அந்தப் பக்கம் இன்னொருவனும் இதே காரியம் செய்திருப்பான் என்று அவனுக்குத் தோன்றவில்லை. அவனுக்குத் தன் களம் பத்திரம், அவ்வளவுதான். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வாயில் வருகிற வார்த்தைகளை அச்சில் போட முடியாது. அன்றைக்கு வைய நேரம் இல்லை. பாதையின் எதிர் ஓரத்தில் முள்ளோடு முள்ளாக ஒட்டிக்கொண்டு, சுவருக்கு முதுகைக் காட்டி, நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்தேன். கை எரிச்சல் ஒரு பக்கம். காற்று திரும்பிவிடக் கூடாதே என்பது இன்னொரு பக்கம். அவள் இன்னும் வரப்பைத் தாண்டியிருக்க மாட்டாளே என்பது எல்லாவற்றுக்கும் மேலே. ‘தாயே, கறி தின்னது நான், என்னைய வச்சுக்கோ, அவளை விட்டுரு’ என்று சொன்னேன். சொல்லிக்கொண்டேதான் அந்தச் சுவரைத் தாண்டினேன்.

வரப்பு வந்து கோயில் ரோட்டில் சேருகிற இடத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். சொட்டச் சொட்ட நனைந்து, கோயிலைப் பார்த்தபடி, எனக்கு முதுகைக் காட்டி. இரண்டு கைகளையும் முன்னால் ஏந்தியபடியே வைத்திருந்தாள். அவை வெறுமையாக இருந்தன.

என் காலடிச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். திரும்பவில்லை. “இருக்கீகளா?” என்று கேட்டாள்.

நான் பதில் சொல்வதற்குள் அவளே சொன்னாள். “அங்குட்டும் காயப்போட்டிருக்கான். வரப்பு மேல ஏறுனதும் நீங்க வர்ற பாதையோரத்துச் சுவருக்கு உள்ள தெரிஞ்சுது. உங்களக் கூப்பிடணும்னா திரும்பணும்.” மறுபடியும் கேட்டாள். “இருக்கீகளா?”

முன்னால் போய், அவள் கைகளில் சட்டியை வைத்தேன். அப்போதுதான் என் கையைப் பார்த்தாள், காக்கிச் சட்டையைப் பார்த்தாள், கடைசியில் முகத்தைப் பார்த்தாள். “இருக்கேன்” என்றேன்.

அவள் வாய்விட்டு அழுதுகொண்டே கோயிலைப் பார்த்து நடந்தாள். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. ரோட்டோரத்துப் பெண்கள் அருள் வந்துவிட்டது என்று நினைத்து, வழி விட்டுக் குலவை போட்டார்கள்.