ஆயிரம் செவப்பு மூக்கு

எங்க மேசையில யாருக்கும் பேரு கெடையாது, நெறந்தான் பேரு. நான் நீலம். எனக்கு வலது பக்கம் லெட்டி, அவ மஞ்சள். அப்புறம் பச்சை, காவி, ரோசு. ஜன்னலோரமா மேசைத் தலைப்புல உக்காந்திருப்பா பாருங்க, அவதான் செவப்பு. ஞானஸ்நானத்துல வெச்ச பேரு கெசியா ப்ளம். ஆறு வயசுல தூரிகையக் கையில குடுத்து உக்கார வெச்சாங்க, நாப்பது வருசமா எந்திரிக்கல. அவ பூசின செவப்பையெல்லாம் ஒண்ணா ஊத்தினா தேம்ஸ் ஆறே வெக்கப்பட்டுச் செவந்திருக்கும்.

க்ளார்க்கன்வெல்ல, வாட்ச் ரிப்பேர்க்காரன் கடைக்கு மேல மூணாவது மாடிதான் எங்க பட்டறை. கொழந்தைங்க படக்கதை புத்தகம் அச்சாபீசுலேர்ந்து வெறும் கறுப்புக் கோடா வரும். நாங்க நெறம் பூசுவோம். தாளு மேசையச் சுத்தி வரும், ஆளுக்கு ஒரு நெறம். கதைய நாங்க படிச்சதில்ல, ஆனா படத்தப் பாத்தே சொல்லிருவோம். நல்ல புள்ளைங்க கடைசிப் பக்கத்துல இருமிச் செத்துரும். கெட்ட புள்ளைங்க மூணாம் பக்கத்துலயே கொளத்துல விழுந்துரும். பொழைக்கறது பூனை மட்டுந்தான்.

எங்க மொதலாளி ஸ்பர்லிங் ஒரு தாளுக்கு அவரே நெறம் பூசிச் செவத்துல மாட்டுவாரு. அதுக்குப் பேரு மாதிரி. எங்களுக்கு அதுதான் வேதம். மாதிரியில மாடு நீலமா இருந்தா மாட்ட நான் நீலமாத்தான் பூசணும். "யோசிக்கறது என் வேலை, பூசறது உங்க வேலை"ம்பாரு. யோசிக்கறதுக்கு அவருக்கு மூக்குப்பொடி வேணும். அவரு ஒரு தும்மல் போட்டா கீழ் மாடியில நாலு வாட்ச் நின்னு போயிரும்.

நவம்பர் மாசம் ஒரு பெரிய ஆர்டர் வந்துச்சு. குடிக்கக் கூடாதுன்னு புள்ளைங்களுக்குச் சொல்ற கதை. மதுவிலக்குச் சங்கத்துக்காரங்க ஞாயித்துக்கெழமைப் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்குப் பரிசாக் குடுக்கப் போறாங்க, ஆயிரம் புத்தகம். அதுல ஒரு படம். ஜின் சாராயக் கடை வாசல், சாக்கடையோரமா விழுந்து கெடக்கற அப்பன், வெறுங்காலோட நாலு புள்ளைங்க, அவங்க பக்கத்துல கையத் தூக்கிப் புத்தி சொல்ற பாதிரியார்.

மாதிரியப் பாத்துட்டுக் கெசியா புருவத்தச் சுருக்கினா. "மொதலாளி, குடிகாரன் மூக்கு செவப்பு, சரி. பாதிரியார் மூக்கும் செவப்பா இருக்கே?"

அவரு தலையத் தூக்கல. "மாதிரியில இருக்கா?"

"இருக்கு."

"அப்பப் பூசு."

பூசினா. ஆயிரம் தாளுலயும், ஒரு மயிரிழ தப்பாம.

செவ்வாக்கெழம சங்கத்துலேர்ந்து ஆக்ஸன்ஹாம் அம்மா பாக்க வந்தாங்க. அந்தம்மா குனியும்போது உடுப்புல இருக்கற கஞ்சி மொடமொடன்னு சத்தம் போடும். தாளப் பாத்தாங்க. கண்ணாடியத் தொடச்சுட்டு மறுபடி பாத்தாங்க.

"மிஸ்டர் ஸ்பர்லிங், இந்தப் பாதிரியார் கடைக்குள்ள போறாரா, கடையிலேர்ந்து வர்றாரா?"

மொதலாளி மொகம் சுண்ணாம்பாயிருச்சு. சட்டுனு கைய நீட்டினாரு. "செவப்பு இவ வேலைம்மா!"

"சனிக்கெழம மத்தியானம் வருவேன். பாதிரியார் யோக்கியமா இருக்கணும். இல்லேன்னா ஆயிரமும் உங்களுக்கே."

அந்தம்மா எறங்கிப் போனதும் மொதலாளி கத்தினாரு: "சனிக்கெழமயோட உன் எடம் காலிடி! ஒழுங்கா வேலை செஞ்சவள்னு ஒரு வரி எழுதித் தர மாட்டேன்." அந்தக் கடுதாசி இல்லாம எந்தப் பட்டறையிலயும் வாசப்படி மிதிக்க விட மாட்டாங்க. நாப்பத்தாறு வயசுல கெசியா வேற என்ன செய்வா?

அழுவான்னு நெனச்சேன். அவ செவத்துலேர்ந்து மாதிரியக் கழட்டி அவரு மூக்குக்கு நேரா நீட்டினா. "இந்தச் சொட்டு எப்பிடி விழுந்துச்சு, மொதலாளி? தும்மினீங்களா?"

அவரு பொடி டப்பாவ மெதுவாப் பைக்குள்ள தள்ளினாரு.

"நான் சரி பண்றேன். பண்ணிட்டா என் எடம் எனக்கு. இனிமே மாதிரி செவத்துல ஏறறதுக்கு முன்னாடி என் கண்ணுல படணும்."

"மொதல்ல அழிச்சுக் காட்டு, பாக்கலாம்."

அழிக்கறதாவது! புதங்கெழம காலையில, அச்சாபீசுக்காரன் உபரியாக் குடுத்த தாளுல ஈரத்துணியால ஒத்தினா, செவப்பு கன்னத்துக்கும் பரவிப் பாதிரியார் இப்பத்தான் ரெண்டாவது பாட்டில் தொறந்த மாதிரி ஆயிட்டாரு. கத்தியால சொரண்டினா, மூக்கே போச்சு. மேல வெள்ளை பூசினா, செத்து மூணு நாளானவரு மாதிரி நின்னாரு.

"விட்டுருடி. சனிக்கெழம அந்தம்மா நம்மளப் பாத்தாலும் குடிச்சிருக்கோம்னுதான் சொல்லும். என் மூக்கப் பாரு"ன்னேன். ஜன்னல் இடுக்குல வர்ற காத்துல என் மூக்கு தக்காளி மாதிரி இருந்துச்சு.

கெசியா திரும்பி என் மூக்கையே மொறச்சா. நாப்பது வருசத்துல யாரும் என்னை அவ்வளவு நேரம் பாத்ததில்ல, என் புருசன் உட்பட.

"ஏண்டி நீலம், உன் மூக்கு எதுக்குச் செவந்திருக்கு?"

"குளுருதுடி மூதேவி!"

"அதேதான்! பாதிரியாருக்கும் குளுருது!"

எந்திரிச்சு நின்னு ஆளுக்கொரு வேலை சொன்னா. நாலு புள்ளைங்க மூக்குக்கும் செவப்பு. படம் முழுக்கப் பனி. மொகத்து மேல விழாம இருக்க அட்டை வெட்டினா, மொரட்டுத் தூரிகைய வெள்ளையில தோச்சுக் கட்டவெரலால இழுத்தா, பொலபொலன்னு பனி பெஞ்சுச்சு.

"அப்ப குடிகாரன் மூக்கு? எல்லாம் ஒண்ணாயிருச்சே"ன்னா லெட்டி.

"நீலம், அவன் மூக்கு மேல நீ ஒரு தொடு தொடு."

தொட்டேன். ஊதா! அப்பிடி ஒரு மூக்க நம்ம தெருவுலயே ரெண்டு பேருகிட்டதான் பாத்திருக்கேன்.

கேஸ் வெளக்குல எங்க வேலை நடக்காது, மஞ்சளும் வெள்ளையும் ஒண்ணாத் தெரியும். காலையில எட்டு மணிலேர்ந்து நாலு மணி வரைக்குந்தான் வெளிச்சம். வியாழக்கெழம பாதி முடிச்சோம். வெள்ளிக்கெழம மூடுபனி வந்துச்சு பாருங்க, பட்டாணி சூப்பு மாதிரி. அதுல கரண்டிய நட்டா நிக்கும். லெட்டி தூரிகையக் கீழ வெச்சுட்டா.

"எடு அதை"ன்னா கெசியா. பொகை படிஞ்ச ஜன்னலு ரெண்டையும் அகலத் தொறந்து விட்டுட்டு மேசைய வெளிய தள்ளாத கொறையா ஓரத்துல இழுத்துப் போட்டா. குளுரு எலும்பக் கடிச்சுச்சு. செவப்பு உறையாம இருக்கக் கிண்ணத்த அக்குள்ள வெச்சுக்கிட்டா. கஞ்சத்தனத்துக்குப் பேர்போன மொதலாளியே கீழ எறங்கிப் போயி எங்களுக்கு டீ வாங்கிட்டு வந்தாரு. இதை யாருகிட்ட சொன்னாலும் நம்ப மாட்டேங்கறாங்க.

சனிக்கெழம பதினொன்றரைக்கு ஆயிரமாவது தாளு காஞ்சுச்சு. பன்னெண்டுக்கு மாடிப்படியில கஞ்சிச் சத்தம் கேட்டுச்சு.

ஆக்ஸன்ஹாம் அம்மா தாளக் கையில எடுத்தாங்க. "இன்னமும் மூக்கு செவப்பாத்தானே இருக்கு?"

கெசியா எந்திரிச்சா. வெரலெல்லாம் வெடிச்சிருந்துச்சு. "பனியில நிக்கறாரும்மா. அவருக்குச் சூடா அடுப்பு இருக்கு, வீடு இருக்கு. இருந்தும் இந்தப் புள்ளைங்களுக்காகத் தெருவுல வந்து நிக்கறாரு. அந்தப் புள்ளைங்க மூக்கையும் பாருங்க."

பாத்தாங்க. ஆயிரத்துல ஒண்ணையும் விடாமப் பாக்கற மாதிரி அவ்வளவு நேரம். அப்புறம் கைக்குட்டைய எடுத்தாங்க.

"பாவம், வெறுங்காலு வேற." மூக்க உறிஞ்சுனாங்க. "ஆனா இவனுக்கு மட்டும் ஏன் ஊதா?"

"அது குளுரில்லம்மா, ஜின்னு"ன்னேன் நான்.

"ரொம்பச் சரி"ன்னாங்க, சங்கத்துக்கே உரிய கண்டிப்போட. ஆயிரமும் வண்டியேறிருச்சு.

திங்கக்கெழம காலையில மொதலாளி அடுத்த மாதிரியோட வந்தாரு. ஆணிய நோக்கிப் போனவரு பாதியில நின்னு, திரும்பி, கெசியா முன்னாடி தாள வெச்சாரு. அதுல கட்டில்ல படுத்து இருமிக்கிட்டிருந்துச்சு ஒரு நல்ல புள்ள. கெசியா ஜன்னல் பக்கம் தூக்கிப் புடிச்சுப் பாத்தா.

"புள்ள நெத்தியில இந்தப் பச்சை எதுக்கு, மொதலாளி?"

அவரு குனிஞ்சு பாத்தாரு. எங்க எல்லாரையும் பாத்தாரு.

கெசியா கைய நீட்டினா. மொதலாளி ஒரு பெருமூச்சு விட்டாரு, பைக்குள்ள கைய விட்டுப் பொடி டப்பாவ எடுத்து அவ உள்ளங்கையில வெச்சாரு.

"மாதிரி பூசி முடிச்சதும் வந்து வாங்கிக்கங்க"ன்னா அவ. டப்பாவச் செவப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்துல வெச்சுட்டுத் தூரிகைய நனைச்சா.