பைக்குள்ளேயே இருந்த ஏலக்காய்

போடியில் யாரிடமாவது ஒரு காரியம் ஆக வேண்டுமென்றால் வெறுங்கையோடு போக மாட்டோம். வெளியூர் டாக்டரோ, வக்கீலோ, சம்பந்தி வீடோ, கால் கிலோ ஏலக்காயும் கூடவே போகும். நாங்கள் ஏலக்காய்க் கடை வைத்திருப்பவர்கள் வேறு. அதனால் மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து, "வந்து டிசி வாங்கிக்கங்க" என்று போன் வந்ததும் நான் முதலில் செய்த காரியம், கடையில் இருந்ததிலேயே பருத்த, பச்சை மாறாத காயாகப் பொறுக்கி ஒரு பாக்கெட் போட்டதுதான். அழுகையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்தேன். வீட்டுக்காரர் போடிமெட்டுக்கு மேலே காய் எடுக்கப் போயிருந்தார். போனில் விஷயத்தைச் சொன்னால், "நல்ல காயாப் போட்டியா?" என்று கேட்கிறார்.

மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு முடிக்கிற நேரம். கொஞ்ச காலமாகவே அவளுக்குக் கழுத்து திடீர் திடீரென்று வெட்டி இழுக்கும். கூடவே தொண்டையிலிருந்து 'ஹுக்' என்று ஒரு சத்தம் வரும். தேனியில் நரம்பு டாக்டர் பார்த்துவிட்டு, "இது அவ வேணும்னு பண்றது இல்லம்மா. தும்மல எவ்வளவு நேரம் அடக்குவீங்க? அது மாதிரிதான்" என்று சொல்லியிருந்தார். சொந்தக்காரர்களோ ஆளுக்கொரு தாயத்தோடு வந்தார்கள். மகளின் கழுத்தில் இடம் தீர்ந்ததே தவிர, சத்தம் தீரவில்லை.

பள்ளிக்கூடத்தில் அதற்கு ஒழுங்கீனம் என்று பெயர். பாடம் நடத்தும்போது கேலி செய்கிறாள் என்று வராண்டாவில் நிற்க வைத்தார்கள். பயந்தால் சத்தம் கூடும். கூடினால் மறுபடியும் வராண்டா. பாதிப் பாடத்தை அவள் ஜன்னல் வழியாகத்தான் கேட்டாள். மீதி நேரமெல்லாம் பல்லைக் கடித்து அடக்கிவிட்டு, வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் மொத்தமாக வெடிக்கும். வலிக்கிற கழுத்தைச் சுவரில் சாய்த்துக்கொண்டு, "அம்மா, பத்தாவது நான் இங்கனதான் எழுதணும். வேற பள்ளிக்கூடம்னா மறுபடியும் முதல்ல இருந்து எல்லாருக்கும் விளக்கணும்லம்மா" என்பாள். அவள் கேட்டது அவ்வளவுதான்.

ஒரு சிறப்பாசிரியையின் போன் நம்பரை டாக்டர் கொடுத்திருந்தார். மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்காகவே பள்ளி பள்ளியாகச் சுற்றுகிறவர். வயதில் என்னைவிடச் சிறியவர், வாய் என்னைவிட நீளம். அதனாலேயே எனக்குப் பிடித்துப்போனது. கூப்பிட்டதும் வந்தார். பள்ளி வாசலில் ஸ்கூட்டியை நிறுத்தியவர் காற்றை முகர்ந்தார்.

"என்னக்கா, பையில ஏலக்கா மணக்குது?"

"பெரிய டீச்சருக்குத்தான். சும்மா ஒரு மரியாதைக்கு..."

"அதப் பைக்குள்ளயே வைங்க. இன்னைக்கு நாம கெஞ்சப் போகல, பிள்ளைக்குச் சேர வேண்டியதக் கேக்கப் போறோம். இதக் கொடுத்தீங்கன்னா அவங்க ஏதோ தயவு பண்ணுன மாதிரி ஆயிரும். தயவு நாளைக்கே மாறிப் போகும்க்கா."

எனக்குச் சுருக்கென்றது. கடைக்காரியிடம் சரக்கை வெளியே எடுக்காதே என்றால் கோபம் வராதா? ஆனாலும் ஜிப்பை இழுத்து மூடினேன்.

தலைமையாசிரியை கெட்டவர் இல்லை. ஆனால் என் பக்கத்தில் நின்ற மகளிடமிருந்து சத்தம் வரும்போதெல்லாம் அவர் கையிலிருந்த பேனா அப்படியே நின்றது. கண் அவள் மேல் போய் வந்தது. "மத்த பிள்ளைகளும் படிக்கணும்ல? அவங்களப் பெத்தவங்களுக்கு நான் பதில் சொல்லணுமே" என்றார். நியாயமான கேள்விதான். என் கை தன்னால் பையைத் தேடிப் போனது. சிறப்பாசிரியை மேசைக்குக் கீழே அதைப் பிடித்துக்கொண்டார்.

பிடித்த கையை விடாமலே பேசினார். குரல் உயரவே இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் நாட்பட்ட நரம்புப் பாதிப்பும் உண்டு. அந்தப் பாதிப்பால் வருகிற சத்தத்துக்குத் தண்டனை கொடுப்பது, நடக்க முடியாத பிள்ளையை ஏன் ஓடவில்லை என்று அடிப்பதற்குச் சமம் என்றார். அதோடு விடாமல், என்ன செய்யலாம் என்றும் சொன்னார். வகுப்பில் கதவோரம் ஓர் இடம். சத்தம் முட்டிக்கொண்டு வந்தால் அவள் யாரையும் கேட்காமல் வெளியே போய்விட்டு, அவளாகத் திரும்பி வரலாம். பரீட்சைக்குத் தனி அறை, கூடுதல் நேரம் கேட்டு இப்போதே எழுதிப் போட வேண்டும். வகுப்பில் எல்லாருக்கும் விஷயம் தெரிய வேண்டும்.

"வகுப்புல யாரு சொல்றது?" என்று தலைமையாசிரியை கேட்டார்.

"நானே சொல்றேன் மிஸ்" என்றாள் மகள். அந்த மூன்று வார்த்தைக்குள் இரண்டு ஹுக்.

தலைமையாசிரியை பேனாவை மூடி வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "சரி. நாளைக்கு முதல் பீரியட். நானும் வந்து பக்கத்துல நிக்கிறேன்."

சொன்னபடியே நின்றார். தனி அறைக்காக அலைந்ததும் அவர்தான். அந்த வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்? கொஞ்ச நாள் குறுகுறுவென்று திரும்பிப் பார்த்தார்கள். பிறகு மின்விசிறிச் சத்தத்தைப்போல இதையும் விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து வெடிப்பதும் குறைந்தது. அடக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனால் அதற்கும் அலுத்துவிடும் போலிருக்கிறது.

பத்தாவது தேறினாள். மதிப்பெண் சான்றிதழ் வாங்கப் போன அன்று, மகள் தோழிகளோடு வெளியே நிற்க, நான் மட்டும் தலைமையாசிரியை அறைக்குள் போய்ப் பையைத் திறந்தேன். புதுக் காய், புதுப் பாக்கெட்.

"இதெல்லாம் எதுக்கு? அது அவ உரிமைன்னு அன்னைக்கு உக்காந்து வாதாடுனீங்களே" என்றார்.

"உரிமைக்கு இல்ல மேடம். பாயசத்துக்கு."

சிரித்துவிட்டார். பாக்கெட்டை வாங்கி முகர்ந்து பார்த்து ஓரமாக வைத்துவிட்டு, சான்றிதழ்களில் கையெழுத்துப் போட ஆரம்பித்தார். வெளியே, மகளை அடிக்கடி நிறுத்தி வைத்த அதே வராண்டாவிலிருந்து, 'ஹுக்' என்று கேட்டது. அவர் கையிலிருந்த பேனா நிற்கவில்லை.