சாக்குக்கு ரெண்டு கிலோ

முனியை வெட்ட முடியாது என்று மூன்று பேரும் ஒரே வாயாகச் சொல்லிவிட்டார்கள். நாங்கள் விளையாட ஆரம்பித்த முதல் ஞாயிற்றுக்கிழமை அது. எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், அதாவது கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் அந்த ஒற்றை அறையில், பாய் போட்டு உட்கார்ந்திருந்தோம். விளையாட்டை எழுதி வைத்திருந்த கொப்பியைப் பார்த்து நான் வாசித்தேன்.

"குகை வாசல்ல ஒரு முனி நிக்கிது. ஒங்களவிட ரெண்டு மடங்கு ஒசரம். கையில தடி. என்ன செய்றீங்க?"

"முனிய எதுக்குடி வெட்டணும்?" என்றாள் அக்கா.

"சுருட்டும் எலுமிச்சம்பழமும் வச்சா அது பாட்டுக்கு வழி விட்டுரும்," என்றார் மதினி.

"டீச்சரம்மாவுக்குப் படிச்சுப் படிச்சு பயம் விட்டுப்போச்சு. நாங்க லயத்துல இருக்கிறவங்க, எங்கள மாட்டிவிடாதீங்க," என்றாள் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பக்கத்து வீட்டுப் பெண்.

பிழை என்னுடையதுதான். விளையாட்டின் ஆங்கிலப் புத்தகத்தில் மனிதரைத் தின்னும் ஒரு தடியன் இருந்தான். அவனுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று இரண்டு நாள் யோசித்து 'முனி' என்று எழுதியிருந்தேன். தேயிலை ஸ்டோர் வாசலிலேயே, இயந்திரங்களைக் காக்கும் ரோதமுனிக்குப் பூசை போடும் தோட்டத்தில் அந்தப் பெயரை எழுதியிருக்கக் கூடாது. ஆனால் அந்த விளையாட்டின் பழைய விதிகளில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. எதிரில் வருவது எதுவானாலும் அது உடனே பாயாது. இரண்டு லூடோ கட்டைகளை உருட்டி அதன் மனநிலையைப் பார்க்க வேண்டும். உருட்டினேன். பதினொன்று விழுந்தது, நல்ல மனநிலை. சுருட்டை வாங்கிக்கொண்டு அது விலகி நின்றது. மூன்று பேரும் கைதட்டினார்கள். எனக்கும் உடம்பு சிலிர்த்தது.

இந்த விளையாட்டுக்குப் பலகை கிடையாது, காயும் கிடையாது. ஒருத்தி நடுவர். அவளிடம் நிலத்தடிக் குகையோ பாழடைந்த கோட்டையோ வரைந்த படம் ஒன்று இருக்கும். அதை மற்றவர்கள் பார்க்க முடியாது. அவள் வாயால் சொல்வதைக் கேட்டு, ஆளுக்கொரு பாத்திரமாகி, தாங்கள் செய்வதைச் சொல்லிக்கொண்டே போவார்கள். நிச்சயமில்லாத இடங்களில் உருட்டும் கட்டை தீர்ப்புச் சொல்லும். இப்போது வரும் புதிய விதிப் புத்தகங்களில் வீரர்கள் எளிதில் சாவதில்லை என்கிறார்கள். நான் விரும்பியது ஐம்பது வருடங்களுக்கு முந்திய முறையை. அதில் எல்லோரும் பலவீனமானவர்கள். பந்தம் எத்தனை நாழிகை எரியும், எத்தனை கிலோ சுமக்கலாம், கதவுக்கு அப்பால் சத்தம் கேட்கிறதா என்று ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும். செத்தால் செத்ததுதான்.

பல்கலைக்கழக விடுதியில் என் அறைத்தோழி ஹட்டனில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்துப் பெண். வெளிநாட்டில் வேலை செய்த அவளுடைய நானா, அதாவது அண்ணன், சேர்த்து வைத்திருந்த பழைய விதிப் புத்தகங்களின் போட்டோ பிரதிகளை அவள் கொண்டு வந்தாள். சிங்களப் பிள்ளைகள் மூன்று பேர் சேர்ந்தார்கள். ஆங்கிலத்தில்தான் விளையாடினோம். விரிவுரைகளில் பிடிபடாத ஆங்கிலம் எனக்கு அந்தக் குகைகளில்தான் பிடிபட்டது. எங்கள் குடும்பத்தில் பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சை வரை போனதே நான்தான் முதல். பட்டம் எடுத்துக் கொட்டகலைப் பக்கம் ஒரு பாடசாலையில் ஆசிரியையாகத் திரும்பி வந்தபோது, நூற்றிருபது பக்க சி.ஆர். கொப்பியில் அந்த விதிகளைத் தமிழில் எழுதி முடித்திருந்தேன். பட்டச் சான்றிதழை விட அந்தக் கொப்பியைத்தான் அதிகம் பேருக்குக் காட்டினேன்.

விளையாட வந்தவர்கள் மூன்று பேர். பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்ளும் மதினி. சாவி அவரிடம் இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண். தலவாக்கலையில் பாத்திரக் கடையில் நிற்பவள், வாய்க்காரி. மூன்றாவது என் அக்கா.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். நான் முதலாம் வகுப்பில் சேர்ந்த வருடம் அவள் பள்ளிக்கூடத்தை விட்டாள். யாரும் போகாதே என்று சொல்லவில்லை. அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போனால் தம்பியைப் பார்க்க வீட்டில் ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான். பதினெட்டு வயதில் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்தாள். இன்றுவரை கொழுந்துதான். ஞாயிறுகளிலும் கைக்காசுக்கு, அதாவது பறித்த கிலோவுக்கு அன்றே காசு தரும் வேலைக்குப் போவாள். எனக்காக அதை விட்டாள். அம்மா திட்டினார். "ரெண்டு புள்ள பெத்தவளுக்குக் கட்டை உருட்டுற வயசா இது?"

வாளும் கோடரியும் ஈட்டியும் எழுதிய பட்டியலை வாசித்துக் காட்டி எது வேண்டும் என்று கேட்டேன். அக்கா பட்டியலில் இல்லாததைக் கேட்டாள்.

"கவ்வாத்துக் கத்தி."

"அது எதுக்குக்கா?"

"அத ஆம்பளைங்களுக்குத்தானே குடுப்பாங்க. இத்தன வருசத்துல ஒரு நாளு என் கையில குடுத்ததில்ல. எனக்கு அதுதான் வேணும்."

தேயிலைச் செடியின் கிளை வெட்டும் அந்தக் கத்திக்கும் வாளுக்குரிய கணக்கையே வைத்துக் கொடுத்தேன். அவள்தான் எப்போதும் முன்னால் போவாள். நான் வாயால் சொல்லச் சொல்ல வழியைத் தாளில் படமாகக் கீறுவதும் அவள்தான். ஒரு முறைகூட வழி தப்பியதில்லை. வார நாட்களில் ரொட்டி தட்டிக்கொண்டிருப்பாள். திடீரென்று திரும்பி, "அந்தப் பச்சக் கதவுக்குப் பின்னால தண்ணிச் சத்தம் கேட்டுச்சுன்னியே, அது ஓடுற தண்ணியா, நிக்கிற தண்ணியா?" என்பாள். சொல்ல மாட்டேன் என்பேன். "பெரிய ரகசியம்," என்று மாவுக் கையால் என் கன்னத்தில் இடிப்பாள். அவளை நான் அப்படி அதுவரை பார்த்ததில்லை. எனக்குக் கிடைத்ததில் அவளுக்கும் பங்கு கொடுக்கக்கூடிய ஒன்று இதுதான் என்று நினைத்தேன். சம்பளம் வந்தால் சேலை வாங்கிக் கொடுக்கலாம், பிள்ளைகளின் காலுக்குச் சப்பாத்து வாங்கலாம். அது வேறு.

ஆறாவதோ ஏழாவதோ ஞாயிறு, கோட்டையின் அடிநிலவறையிலிருந்து வெள்ளியை எடுத்துக்கொண்டு உயிரோடு வெளியே வந்தார்கள். பழைய முறையில் எதிரியைக் கொன்றால் கிடைக்கும் புள்ளி கொஞ்சம்தான். புதையலை வெளியே கொண்டு வந்தால்தான் தேறலாம். நாணயக் கணக்கு குழப்பமாக இருந்ததால் நான் அதைக் கிலோவாக மாற்றியிருந்தேன். கிலோவுக்கு நூறு புள்ளி. இரண்டாயிரம் புள்ளி சேர்ந்தால் ஒரு படி ஏறலாம், உயிர்ப் புள்ளியும் கூடும். ஆளுக்கு ஒரு சாக்கு, சாக்குக்கு இருபது கிலோ. ஏறுவதற்குச் சரியாக அமைய வேண்டும் என்று நான்தான் அப்படி வைத்திருந்தேன்.

"எவ்வளவு எழுதட்டும்?" என்றேன்.

"பதினெட்டு போடு," என்றாள் அக்கா.

"இருபதுதானே தூக்கிட்டு வந்த?"

"சாக்குக்கு ரெண்டு கழியும்ல."

நான் பேனாவைப் பிடித்தபடி அவளைப் பார்த்தேன். மதினி தலையாட்டினார். "எனக்கும் பதினெட்டுதான்."

கடைக்காரப் பெண் தன் கணக்கில் இன்னும் கவனமாக இருந்தாள். "குகைக்குள்ள தண்ணி சொட்டுச்சுன்னாங்கல்ல? ஈரத்துக்கு இன்னொன்னு கழிப்பாங்க. டீச்சரம்மா நல்லவங்க, விட்டுட்டாங்க."

அவர்கள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கொழுந்து நிறுக்கும் தராசில் நின்ற எடையிலிருந்து சாக்குக்கு இவ்வளவு, தண்ணீருக்கு இவ்வளவு என்று கழித்துத்தான் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை எடைத் துண்டில் எழுதுவார். இந்த மூன்று வீடுகளிலும் முழு எடை எழுதிய துண்டை யாரும் கண்டதில்லை. அந்தக் கோட்டையில் கணக்கப்பிள்ளை இல்லை, தராசும் இல்லை என்று நான் சொல்லியிருக்கலாம். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு 'பதினெட்டு' என்று மூன்று பேருக்கும் எழுதினேன்.

அன்று மாலையே அதைப் பல்கலைக்கழக நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஆங்கிலத்தில் அழகாக எழுதி அனுப்பினேன். சிரிப்பு முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. 'உங்கள் ஊர் வீரர்களைப் போல நேர்மையானவர்களை எந்த நிலவறையும் கண்டிருக்காது' என்று ஒருவன் எழுதினான். அதை நான் பலமுறை எடுத்துப் படித்தேன்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி இறங்கினார்கள். படிக்கட்டு முடிகிற இடத்தில் அக்கா முன்னால் நின்றாள். இருட்டுக்குள்ளிருந்து ஒரு எலும்புக்கூடு அம்பு விட்டது. இருபது முகக் கட்டையை உருட்டினேன், பதினேழு, பட்டுவிட்டது. எவ்வளவு காயம் என்று பார்க்க லூடோ கட்டையை உருட்டினேன்.

"அஞ்சு," என்றேன்.

"அஞ்சுன்னா?"

"ஒனக்கு உயிர்ப் புள்ளி அஞ்சுதான்கா இருந்துச்சு."

மதினி "ஐயோ" என்றார். நான் ஏதோ செய்வேன் என்று எதிர்பார்த்து என் முகத்தையே பார்த்தார். அக்கா மடியில் இருந்த தாளை, அதுவரை கீறிய படத்தை, தரையில் வைத்தாள். முகத்தில் சிரிப்புத்தான் இருந்தது. அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும்.

"அன்னைக்கு இருபதுன்னு சொல்லியிருந்தா ஒரு படி ஏறியிருப்ப. உயிர் கொறஞ்சது ஒன்னாவது கூடியிருக்கும். இப்ப செத்திருக்க மாட்ட," என்றேன். வகுப்பில் விடை தவறிய பிள்ளைக்குச் சொல்கிற அதே குரலில்.

அக்கா என் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள். "அப்பவே ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் எழுதினியா?"

"நீதானே சொன்ன."

"நான் சொல்லுவேன்டி. எனக்குத் தெரிஞ்சத நான் சொல்லுவேன். பேனா ஒங்கிட்டல்ல இருந்துச்சு?"

கடைக்காரப் பெண் எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பாள் என்று பார்த்தேன். அவள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"சரிக்கா, இப்ப மாத்துறேன்," என்று கொப்பியைப் புரட்டினேன். "இருபதுன்னு போடுறேன். அம்பு பட்டுச்சு, நீ பொழச்சிட்ட. நடுவர் நான்தானே, எனக்கு அதிகாரம் இருக்கு."

"வேணாம். எழுதினத திருப்பி எழுதாத. கேவலமா இருக்கு."

எழுந்து சேலையைத் தட்டிவிட்டுப் போனாள். கோபம் என்று சொல்ல முடியாது. அன்று எனக்கும் சேர்த்துத்தான் சோறு போட்டாள். கருவாட்டில் பெரிய துண்டை என் தட்டில் வைத்தாள். அடுத்த ஞாயிறு விடிந்து நான் எழுந்தபோது அவள் கைக்காசுக்குப் போயிருந்தாள். அதற்கடுத்த ஞாயிறும் போனாள்.

புதுப் பாத்திரம் ஒன்று எழுதிக்கொள்ளலாம், யாரும் அப்படித்தான் செய்வார்கள், என் பாத்திரங்கள் பல்கலைக்கழகத்தில் பதினொன்று செத்திருக்கின்றன என்று அவளிடம் சொல்லிப் பார்த்தேன். "ஒனக்குப் பதினொன்னு சாகலாம்," என்றாள். மன்னிப்பும் கேட்டேன், ஆனால் சரியாகக் கேட்கவில்லை. விதி அப்படித்தான் என்று ஒரு வாக்கியம் எப்படியோ அதற்குள் நுழைந்துவிட்டது.

மற்ற இருவரோடு இரண்டு ஞாயிறு இழுத்தேன். படம் கீற ஆளில்லாமல் ஒரே அறைக்குள் மூன்று முறை வந்தார்கள். மதினிக்குக் கொட்டாவி வந்தது. கடைக்காரப் பெண் நேராகவே சொன்னாள். "அக்கா இருந்தப்ப நாங்க போனோம். இப்ப நீங்க கூட்டிட்டுப் போறீங்க. அதுல என்ன இருக்கு?" அவள் சொன்னது சரி. பாடசாலையில் உயர்தரப் பிள்ளைகளுக்கு இதைக் கற்றுக்கொடுக்கலாமே என்று ஒரு சக ஆசிரியர் சொன்னார். கொப்பியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன்.

இப்போது சனிக்கிழமை பிற்பகல்களில் பழைய நண்பர்களோடு தொலைபேசியில் விளையாடுகிறேன். ஒருவன் கனடாவில் இருக்கிறான், ஒருத்தி கொழும்பில். நன்றாகத்தான் விளையாடுகிறார்கள். சாகும்போது சிரிக்கிறார்கள். நான் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உள் காம்பராவில் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருப்பேன். இங்கே சமிக்ஞை விட்டுவிட்டுத்தான் வரும். பாதி நேரம் என் பாத்திரம் என்ன ஆனது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பேன்.

போன சனிக்கிழமை அப்படி உட்கார்ந்திருந்தபோது அக்கா பிளேன்டீ கொண்டு வந்தாள். மேசையில் நான் கீறிய படமும் கட்டைகளும் விரிந்து கிடந்தன. காதுக் கருவியைக் கழற்றினேன்.

"அக்கா, ரெண்டு வழி இருக்கு. ஒன்னுல பொக வருது, ஒன்னுல சத்தமே இல்ல. நீன்னா எதுல போவ?"

அவள் படத்தைப் பார்க்கக்கூட இல்லை.

"எனக்கென்னடி தெரியும்."

கொப்பி நனையாமல் இருக்க ஒரு காலண்டர் தாளைக் கிழித்து மடித்து டம்ளருக்கு அடியில் வைத்தாள். வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். சாத்திய கதவுக்கு அப்பால், "சத்தம் போடாதீங்க, சித்தி வேலையா இருக்கா," என்று தன் பிள்ளைகளிடம் மெதுவாகச் சொல்வது கேட்டது.