கமலா மேடம் வீட்டுக்காரரைப் பார்த்தேன்

காலையில கமலா மேடத்தைப் பத்தி நான் போட்ட பதிவுக்கு இன்னும் லைக் வந்துக்கினே இருக்குது.

துக்கத்துல இருக்கறவங்களுக்குன்னு நம்ம காஞ்சிபுரத்துல முதல்ல கவுன்சலிங் ஆரம்பிச்சவங்க. சாவு வீட்டுல 'போயிட்டு வரேன்'னு சொல்லக் கூடாதுன்னு நாமெல்லாம் சத்தமில்லாம கிளம்பிடுவோம் இல்ல? அவங்க 'மறுபடியும் வரேன்'னு சொல்லிட்டுத்தான் கிளம்புவாங்க. காரியம் முடிஞ்சு சொந்தக்காரங்க போனப்புறம் வந்து, ஓடாத தறி பக்கத்துல உட்கார்ந்து, அந்த வீட்டுக்காரங்க பேசறதைக் கேப்பாங்க. அவங்ககிட்ட கவுன்சலிங் கத்துக்கின எங்களையும் அப்படித்தான் பழக்கினாங்க.

இதையெல்லாம் உருகி உருகி எழுதியிருந்தேன்.

சாயங்காலம் சின்ன காஞ்சிபுரம் காபித்தூள் கடையில அவங்க வீட்டுக்காரர் நின்னுக்கினு இருந்தாரு. போன மாசம் மேடம் தவறினப்போ பார்த்தது. என்ன பேசறதுன்னு தெரியாம போனைக் காதுல வெச்சுக்கினேன். போன்ல யாருமே இல்ல.

நான் பேசி முடிக்கட்டும்னு சார் வெயிட் பண்ணாரு.

"உன் பதிவைப் படிச்சேம்மா. ஆமா, எல்லார் வீட்டுலயும் அப்படித்தான் சொல்லிட்டு வருவா."

கோபமெல்லாம் இல்ல. பொட்டலத்தைப் பையில போட்டுக்கினே சொன்னாரு.

"அவ போனப்போ எங்க வீட்டுலதான் யாரும் அப்படிச் சொல்லலம்மா."

அப்பவும் நான் 'வரேன் சார்'னு சொல்லல. தலையை ஆட்டிட்டு வந்துட்டேன்.

லைக் போட்டவங்கள்ல யாராவது அவரைப் போய்ப் பார்த்தீங்களா? இல்லைன்னா கமெண்ட்ல சொல்லுங்க, நாளைக்குச் சேர்ந்தே போலாம். தனியா போக எனக்கு மூஞ்சி இல்ல.