சாமி என்று கூப்பிட்டது

மாடித் தோட்டக் குழு ஒன்றில் பழக்கமான ஐந்து பேர் ஞாயிறு காலையில் வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்வோம். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. மழை பெய்ததா, துணி காய்ந்ததா, என்ன சமையல், அவ்வளவுதான். இந்தக் கடைசிக் கேள்விதான் எனக்கு எரிச்சல். நாமக்கல்லில் ஞாயிற்றுக்கிழமை வேறென்ன, கோழிதான்.

கார்த்திகையில் ஒரு ஞாயிறு, வாராவாரம் பிரியாணிப் படம் போடும் சென்னை நண்பர் சத்தமே இல்லாமல் இருந்தார். "சாப்ட்டீங்களா சாமி?" என்று கேட்டேன். எங்கள் பக்கம் பெரியவர்களும் சாமிதான், குழந்தைகளும் சாமிதான்.

"சபரிமலைக்கு மாலை போட்டிருக்கேன்னு உங்களுக்கு யார் சொன்னா?" என்றார்.

"யாரும் சொல்லலீங்க. எங்கூர்ப் பேச்சே அப்படித்தானுங்க."

"இல்லைங்க, ஐயப்பன்தான் சொல்ல வச்சிருக்கார்."

அடுப்பில் கோழி வெந்துகொண்டிருந்தது. எழுந்து போய்விட்டேன்.

தை மாதம் மறுபடி பிரியாணிப் படம் வந்தது. வம்பே வேண்டாமென்று "சாப்ட்டீங்களா சார்?" என்று எழுதினேன்.

பதில் வந்தது: "மாலையைக் கழட்டினதும் வீட்லயும் ஆபீஸ்லயும் பழையபடி அதட்ட ஆரம்பிச்சுட்டாங்க. நீங்களாவது சாமின்னே கூப்பிடுங்க."