சுகுணா சரியாகத்தான் அளந்திருந்தாள்

2004 ஜனவரி, ஒரு சனிக்கிழமை. மாமல்லபுரத்தில் மூன்று நாள் கருத்தரங்கு முடிந்திருந்தது. மற்றவர்கள் கடற்கரைக் கோயிலுக்குக் கிளம்ப, நான் காலை எட்டரைக்குச் செங்கல்பட்டு பஸ் ஏறினேன். திருக்கழுக்குன்றம் வழியாக முப்பது கிலோமீட்டர். மடியில் ஒரு கட்டுரையின் கைப்பிரதி.

எப்போதோ வெடித்துச் சிதறிய ஒரு நட்சத்திரத்தைப் பற்றிய கட்டுரை அது. சிதறல்கள் இன்னும் விரிந்துகொண்டே இருக்கின்றன. பல ஆண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை ஒப்பிட்டு, ஒவ்வொரு துணுக்கும் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளந்தால், வெடித்த காலத்தைப் பின்னோக்கிக் கணக்கிடலாம். 1993-ல் அதை அளந்தவள் என்னோடு ஒரே அறையில் ஆராய்ச்சி செய்த சுகுணா. அந்தப் படங்கள் பதிந்த கண்ணாடித் தகடுகளின் மேல் எட்டு மாதம் குனிந்திருந்தாள். ஆயிரம் ஆண்டுக்குச் சற்று மேல் என்று வந்தது. பத்தாயிரம் என்று முன்பே எழுதியிருந்த எங்கள் வழிகாட்டி, அது நகர்வே இல்லை, அளவுப் பிழை என்று ஆய்வேட்டைத் திருப்பிவிட்டார். அவள் ஊருக்குப் போய்விட்டாள். இப்போது புதிய படத்தை வைத்து நான் அளந்தேன். அவள் சொன்னதேதான் வந்தது.

பத்து மணிக்கு மதுராந்தகம் பஸ். பாலாறு வெறும் மணலாகக் கிடந்தது. சாலையை அகலப்படுத்துவதற்காக வெட்டிய புளியமரங்கள் படாளம் வரை ஓரத்தில் கிடந்தன. மதுராந்தகத்தில் இறங்கி ஆட்டோக்காரரிடம் சுகுணாவின் பெயரைச் சொன்னேன்.

"டியூஷன் டீச்சரா? ஏறுங்க. ஏரிக்கரையாண்ட வூடு கீது" என்றார். பதினைந்து ரூபாய்.

பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். முன்தலை நரைத்திருந்தது. கணவர் கரும்பு வெட்டு நடக்கும் இடத்துக்குப் போயிருப்பதாகச் சொன்னாள். கைப்பிரதியைக் கொடுத்தேன். பிள்ளைகளின் நோட்டுத் திருத்தும் சிவப்புப் பேனாவோடு அட்டவணைகளை வரிவரியாகப் பார்த்தாள். ஒரு வகுத்தலை மட்டும் ஓரத்தில் தானே போட்டுப் பார்த்தாள். பிறகு முதல் பக்கத்துக்கு வந்தாள். அவள் பெயரைத்தான் முதலில் போட்டிருந்தேன்.

"அப்பா சாகற வரைக்கும் நான் கணக்கைத் தப்பா போட்டுட்டேன்னுதான் நெனச்சாரு" என்றாள்.

பிறகு கேட்டாள்.

"அப்பவே உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். அவள் ஊருக்குப் போவதற்கு முன்பே, அவள் இல்லாத ஒரு மாலையில் அதே தகடுகளில் நான்கைந்து துணுக்குகளை நானும் அளந்து பார்த்ததையும், அவள் விடையே வந்ததையும் சொன்னேன். அந்த மாதம்தான் என் ஆய்வேடு வழிகாட்டியின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது என்பதையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. எழுந்துபோய் டீ போட்டுக் கொண்டுவந்தாள். நான் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"பேரு இருக்கட்டும். அச்சானதும் தபால்ல அனுப்பு. நீ வர வேணாம்."

பிற்பகல் ஒன்றரைக்குச் சென்னை பஸ் கிடைத்தது. எண்பது கிலோமீட்டர் பயணம். நல்ல செய்தி கொண்டு போகிறேன் என்றுதான் காலையில் கிளம்பியிருந்தேன். அவளுக்காக அல்ல, என் மனசு லேசாக வேண்டும் என்றுதான் போனேன் என்பது, டிக்கெட் வாங்கி உட்கார்ந்த பிறகே எனக்குப் புரிந்தது.